வைரம் பார்க்கிற அக்கா

அந்த அக்கா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒன்பது வருஷம் அதே தோட்டத்தில் இருந்தேன். ஒரு பொய் கிடையாது. உண்மையைத்தான் சொல்வார். ஆனால் அதை முடிக்க மாட்டார். பாதியில் நிறுத்திவிட்டு வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொள்வார். மீதியை நாம் நடந்தோ விழுந்தோ தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இரத்னபுரவுக்குப் பக்கத்தில், குருவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் நியமனம். தொண்ணூற்றைந்தாம் வருஷம். பஸ் என்னை இறக்கிவிட்ட சந்தியில், பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உயரம், தலையில் கட்டிய துண்டு, இடுப்பில் ரப்பர் பால் வெட்டும் கத்தி.

“அக்கா, ஸ்கூல் ரொம்ப தூரமா?” என்று கேட்டேன்.

“ரெண்டே ரெண்டு வளைவுதாங்க டீச்சர்,” என்றார்.

புதுச் செருப்போடு ஏறினேன். முதல் வளைவு வர முக்கால் மணி நேரமானது. அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்தது மாதிரி மலைமேல் நேராகப் போகிறது ரோடு. இரண்டாவது வளைவில் செருப்பு வார் அறுந்தது. மறுநாள் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“என்னக்கா இப்படிச் செஞ்சிட்டீங்க?”

“எத்தனை வளைவு டீச்சர் இருந்துச்சு?”

“ரெண்டு.”

“அப்ப சரிதானே?”

வாய் சிரிக்கவில்லை. மூக்கால் மட்டும் ஒரு தடவை மூச்சு விட்டார். அதுதான் அவருடைய சிரிப்பு என்று எனக்குப் புரிய ஒரு பள்ளித் தவணை முழுசாக ஆனது.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வீட்டார், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஒரு பையனைப் பற்றி விசாரிக்க வந்தார்கள். கேட்ட இடத்திலெல்லாம் தங்கமான பையன் என்றார்கள். அக்காவிடமும் வந்தார்கள்.

“தண்ணி கிண்ணி போடுவாரா?” என்று கேட்டார் பெண்ணின் தாய்மாமன்.

“காசு குடுத்து வாங்கிக் குடிச்சு நான் ஒரு நாளும் பாத்ததில்லீங்க.”

தாய்மாமன் சந்தோஷமாகக் கும்பிட்டுவிட்டுப் போனார். பைப்படி வரைக்கும் போனவர் அங்கே நின்று யோசித்தார். திரும்பி வந்து அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டார். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை.

எனக்கும் ஒரு தடவை அந்தப் பாதி உண்மை கைகொடுத்திருக்கிறது. கல்வி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர், புது டீச்சர் நேரத்துக்கு வருகிறாரா என்று வழியில் அவரை நிறுத்திக் கேட்டிருக்கிறார். “மணி அடிக்கும்போது டீச்சர் ஸ்கூல்லதாங்க இருப்பாங்க,” என்றாராம் அக்கா. மணி அடிப்பதே நான்தான். நான் மூச்சு வாங்க வந்து சேர்ந்த பிறகுதான் அது அடிக்கும். அதிகாரி என்னைப் பற்றி நல்லபடியாக எழுதிக்கொண்டு போனார்.

அக்காவிடம் ஒரு பசு இருந்தது. அதன் பெயர் கங்காணி. சாயங்காலமானால், “ஏய் கங்காணி, தின்னது போதும், வா இங்க!” என்று மலை அதிரக் கூப்பிடுவார். வேலையை மேற்பார்க்கிற நிஜமான கங்காணி அந்த நேரம் பார்த்துத்தான் கொந்தரப்பு ஒப்பந்த வேலைக் கணக்கை முடித்துக்கொண்டு அந்த வழியாக வருவார். அவர் ஆபீசில் போய் முறையிட்டார். தோட்டத்து உதவி மேனேஜரான சின்னதொரை அக்காவைக் கூப்பிட்டு, மாட்டுக்கு வேறு பெயர் கிடைக்கவில்லையா என்று கேட்டார்.

“முன்னால போகுங்க, சத்தம் போடுங்க, வேலை ஒண்ணும் செய்யாதுங்க,” என்றார் அக்கா. “வேற என்ன பேருங்க வைக்கிறது?”

சின்னதொரை மேசை லாச்சியைத் திறந்து அதற்குள் தலையை விட்டு எதையோ வெகுநேரம் தேடினாராம்.

இந்தப் பசுவால்தான் அக்காவுக்கு மரம் தெரிந்தது. கட்டுக்கு அடங்காத மாடு. வேலியை உரசி உரசியே சாய்த்துவிட்டு ரப்பர் நாற்று மேடைக்குள் போய்விடும். அதன் தாய்க் காலத்திலிருந்து இருபது வருஷமாக அவர் தன் மாட்டுப் பட்டியைச் சுற்றி நடாத கட்டை இல்லை. எது எத்தனை மழைக்கு நிற்கும் என்று, மற்றவர்கள் சொந்தக்காரர் வயதைச் சொல்வது மாதிரி சொல்வார். மரங்களை ஆட்களாகத்தான் பேசுவார்.

“அல்பீசியா பாக்கத்தான் தடிச்ச ஆளு. கையைப் புடிச்சா பஞ்சு.” “மகோகனி வீட்டுக்குள்ள இருக்கிற தொரைசானி. மழையில நிக்கச் சொல்லாதீங்க.” “கித்துல் வெளியில இரும்பு, உள்ளுக்குள்ள சோறு.”

எந்தக் கட்டையைக் கண்டாலும் கத்திப் பிடியால் தட்டுவார், வெட்டுமுகத்தை நகத்தால் கீறுவார், முகர்ந்து பார்ப்பார். நடுவில் கறுத்து இறுகிக் கிடக்கும் வைரத்தைத்தான் அவர் மரம் என்பார். அதைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பகுதிக்கு அவர் வைத்த பெயர் சட்டை. “சட்டை நனைஞ்சா உக்கிப்போகும் டீச்சர். உள்ள ஆளு இருக்கானான்னு பாக்கணும்.”

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வேலி தேவைப்பட்டது. விளையாட்டு மைதானம் என்று நாங்கள் சொல்லிக்கொண்ட மண்தரையின் பின் ஓரத்தோடு தோட்டத்துக் காணி முடிகிறது. அதற்கு அந்தப் பக்கம் டவுனில் இருக்கிற ஒரு முதலாளியின் காணி. அவர் அங்கே மாணிக்கக் குழி ஒன்று தோண்டி, ஊற்று உடைத்துக்கொண்டதும் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார். குழியில் வாய்மட்டம் தண்ணீர். தண்ணீர் மேல் பச்சைப் பசேலென்று பாசிச்செடி மூடிக் கிடந்தது. பார்த்தால் புல்தரை மாதிரியே இருக்கும்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பந்தைத் துரத்திக்கொண்டு போய் அதன் ஓரத்தில் சறுக்கியது. நாயுண்ணிச் செடியைப் பிடித்துக்கொண்டு தொங்கியதை நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன். முள் கிழித்த கையோடு அது, “டீச்சர், பந்து?” என்று கேட்டது.

எங்கள் பள்ளிக்கூட அதிபர் முதலாளியிடம் போய்க் குழியை மூடச் சொன்னார். என் காணி, என் குழி என்றார் முதலாளி. அதிபர் தோட்ட நிர்வாகத்துக்கு எழுதினார். நிர்வாகம் வயதான ரப்பர் மரங்களை வெட்டி, கட்டையாக அறுத்து, லொறியில் அனுப்பி வைத்தது. பெற்றோர்கள் சிரமதானம் செய்து நட்டார்கள். கம்பி இழுத்ததும் பார்க்க அழகாகவே இருந்தது.

அக்கா அன்று புல்லுக்கட்டோடு அந்த வழியாக வந்தார்.

“அக்கா, ரப்பர் கட்டை நிக்குமா?” என்று கேட்டேன்.

“நிக்கும் டீச்சர்,” என்றார். வெற்றிலையை மாற்றிக்கொண்டார்.

நான் அவருடைய மூக்கைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியாவிட்டால் சொல்லிப் பயனில்லை. அது நிற்பதற்கு மறந்துவிடும். இரண்டு மாதத்தில் கட்டைகளில் நீலம் பூத்தது. நான்காம் மாதம் வெள்ளைக் காளான்கள் வரிசையாகக் குடை பிடித்தன. ஆறாம் மாதம் ஒரு காலை, இடைவேளையில், முதலாம் வகுப்பு வாண்டுகளைக் காணவில்லை. பின்பக்கம் போனேன். வேலி ஒரு பக்கமாகப் படுத்துக் கிடந்தது. கட்டைகளெல்லாம் மண்ணை ஒட்டி முறிந்திருந்தன. சரிந்த கட்டை ஒன்றின் மேல் மூன்று பேர் ஏறி உட்கார்ந்து பஸ் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கட்டையின் தலை குழிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் இருந்தவன் கண்டக்டர். “இரத்னபுர, இரத்னபுர, இஸ்ஸரஹட்ட யன்ன!” என்று கத்திக்கொண்டிருந்தான். முன்னுக்குப் போங்கள் என்று அர்த்தம். பின்னால் இருந்த இரண்டு பேரும் சொன்னபடி முன்னுக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

கத்தினால் பயந்து விழுவார்கள். நான் கையைக் காட்டி, “ஹோல்ட் ஓன்!” என்று பஸ்ஸை நிறுத்தினேன். “இந்த பஸ் பிரேக்டவுன். எல்லாரும் பின் கதவால எறங்குங்க.” ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய கண்டக்டரைக் கட்டிக்கொண்டு அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் ரப்பர் பால் நிறுக்கிற இடத்துக்கே போனேன். அக்கா வரிசையில் நின்றார். சுற்றி ஆட்கள் இருந்தார்கள். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

“நிக்கும்னு சொன்னீங்களே?”

“நின்னுச்சே டீச்சர். எத்தனை மாசம்னு நீங்க கேக்க...”

“மூணு பிள்ளைங்க அந்தக் கட்டையில ஏறி உக்காந்திருந்தாங்க. குழிக்கு மேல.”

வெற்றிலை எந்தக் கன்னத்துக்கும் போகவில்லை. நான் திரும்பி வந்துவிட்டேன். வருகிற வழியெல்லாம் அழுதேன். கோபம் பாதி, பயம் பாதி.

மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் அவர் வாசலில் நின்றார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்.

“வாய் பழகிப்போச்சு டீச்சர்,” என்றார். “நல்ல கட்டை கேட்டா, குடுக்கிறதையும் குடுக்க மாட்டானுங்கன்னு நெனச்சேன். அப்புறம் நீங்களே கண்டுபிடிச்சுக்குவீங்கன்னு... வாங்க, மரம் பாப்போம்.”

முதலில் டவுனுக்குப் போனோம். மரக்கடைக்காரர் எங்கள் ஆள்தான். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையப் பேச்சு. தேக்கு, தேக்கு என்று புதுக் கட்டைகளை உருட்டிக் காட்டினார். அக்கா குனிந்து ஒரு வெட்டுமுகத்தைக் கீறினார். நடுவில் ஒரு ரூபாக் குற்றிக் காசு அளவுக்குத்தான் நிறம் இருந்தது, மற்றதெல்லாம் வெள்ளை.

“இது தேக்கோட சட்டைங்க,” என்றார். “ஆளு வெளியில போயிருக்காரா?”

கடைக்காரர் பலாக் கட்டை காட்டினார். மஞ்சள் வைரம், நல்ல கட்டை. அக்கா தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, “பெர்மிட் இருக்குங்களா?” என்று சாதுவாகக் கேட்டார். கடைக்காரருக்குத் திடீரென்று உள்ளே வேலை வந்துவிட்டது. பலா வெட்ட அனுமதி வேண்டும் என்பது எங்கள் மாவட்டத்தில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடி பாடம் நடத்தினார். “கட்டை தலையில சாகாது டீச்சர். மண்ணுக்குள்ள இருக்கிற காலுலயும் சாகாது. கணுக்காலுலதான் சாகும். மண்ணும் காத்தும் சேர்ற இடம். அந்த எடத்துல தாங்குற மரம் இங்க ஒண்ணுதான் இருக்கு. மில்ல.”

மில்ல என்பது சிங்களப் பெயர். எங்கள் பக்கத்தில் தமிழர்களும் அப்படித்தான் சொல்வோம். பழைய பாலங்களுக்கும் தோணிகளுக்கும் போடுகிற மரம்.

“அது எங்க கெடைக்கும்?”

“கெடக்குது,” என்றார். அதோடு நிறுத்திவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து, அவசரமாக மீதியையும் சொன்னார். “ஸ்டோருக்குப் பின்னால. வெள்ளைக்காரன் காலத்துக் குதிரைலாயத்தைப் போன வருஷம் உடைச்சாங்கல்ல, அதோட தூணு. விறகோட விறகா அடுக்கி வெச்சிருக்கானுங்க. ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைக்கூண்டுக்குப் போடுறதுக்குள்ள எடுக்கணும்.”

மறுநாள் சின்னதொரை முன்னால் நாங்கள் இருவரும் நின்றோம். பேச்சை அக்காவிடம் விட்டுவிட்டேன்.

“ஐயா, ஸ்டோருக்குப் பின்னால விறகோட கெடக்குற பழைய கட்டை கொஞ்சம் ஸ்கூலுக்கு எடுத்துக்கலாமுங்களா? கரையான்கூடத் தொடாம கெடக்குதுங்க.”

“கரையானே தொடலையா?” சின்னதொரைக்குப் பாவமாக இருந்தது. “எடுத்திட்டுப் போங்க, எடுத்திட்டுப் போங்க.”

வெளியே வந்ததும் அக்கா மூக்கால் மூச்சு விட்டார். நானும் விட்டேன்.

இருபத்தாறு கட்டைகள் தேறின. ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. அக்கா நட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். கட்டையின் அடியை முழங்கால் உயரத்துக்கு நெருப்பில் கருக வாட்டினார். அதன்மேல் லொறியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயைப் பூசச் சொன்னார். குழிக்குள் முதலில் சரளைக்கல் போட்டார், தண்ணீர் தேங்காமல் இறங்கிப்போக. தலையைச் சரிவாக அறுக்கச் சொன்னார், மழை உட்காராமல் வழிய. வேலை சனி, ஞாயிறு இரண்டு நாள். தகப்பன்மார் பத்துப் பன்னிரண்டு பேர் அலவாங்குக் கடப்பாரையோடு வந்து எல்லையோடு வரிசையாகக் குழி தோண்டினார்கள்.

சனிக்கிழமை, முதலாளியின் காணியைப் பார்த்துக்கொள்கிற வாச்சர் வேலியோரம் வந்து நின்றான். அவனும் எங்கள் லயத்துப் பையன்தான். அக்கா கட்டைகளை ஒவ்வொன்றாகச் சீவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னக்கா, காலையிலேருந்து என்ன தேடுறீங்க?”

“வைரம் இருக்கான்னு பாக்கிறேன் தம்பி.”

“இருக்கா?”

“ஒண்ணு ரெண்டுல கொஞ்சம் கம்மி. மத்ததெல்லாம் நல்லாப் பாய்ஞ்ச வைரம். இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல.”

வாச்சர் கட்டைகளைப் பார்க்கவில்லை. வரிசையாகத் தோண்டியிருந்த குழிகளைப் பார்த்தான். பிறகு வேகமாகப் போனான். மாணிக்கம் கிடைக்கிற எங்கள் மாவட்டத்தில் ஈர மண்ணில் நாலு குழியைக் கண்டுவிட்டால் மனிதனுக்குக் காது வேறு மாதிரிக் கேட்கும்.

ஞாயிறு பத்து மணிக்குப் போலீஸ் ஜீப் வந்தது. பின்னால் முதலாளியின் வேன்.

யுத்தம் நடந்த அந்த வருஷங்களில் எங்கள் தமிழ் ஆட்களுக்கு ஜீப் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அலவாங்குகள் கீழே விழுந்தன. எல்லோர் கையும் இடுப்புக்குப் போயிற்று, அடையாள அட்டையைத் தேடி. சேற்று வேலைக்கு யார் அதைக் கொண்டு வருவார்கள்? சார்ஜன்ட் இறங்கினார். நல்ல தொப்பை, நல்ல மீசை. முதலாளி பின்னாலேயே வந்து குழிகளைக் காட்டினார்.

“மெனிக் ஹாரனவாத?” என்று அதட்டினார் சார்ஜன்ட். மாணிக்கம் தோண்டுகிறீர்களா, லைசென்ஸ் எங்கே?

ஒரு தகப்பன் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். அப்போதுதான் எனக்கு அக்கா மேல் பழைய கோபம் திரும்ப வந்தது. ஒரு வார்த்தையை முடித்துச் சொல்லியிருந்தால் இந்த ஜீப் வந்திருக்காது.

அக்கா முன்னால் போனார். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

“நே மாத்தயா, அரட்டுவ பலனவா,” என்றார். இல்லை ஐயா, மரத்தின் வைரத்தைப் பார்க்கிறோம் என்று அர்த்தம். சிங்களத்தில் அந்த வைரம் வேறு, கல் வைரம் வேறு. சார்ஜன்டுக்கு ஒரு குழப்பமும் இல்லை. அவர் கிராமத்து ஆள் போலிருக்கிறது. கிடந்த கட்டையைக் குனிந்து தட்டினார். முகம் மாறிவிட்டது.

“மில்லவா?”

“மில்லதான் மாத்தயா.”

“எங்கப்பா மாட்டுப் பட்டிக்குப் போட்டது இது,” என்றார் சார்ஜன்ட். திரும்பி முதலாளியை ஒரு பார்வை பார்த்தார். முதலாளி வாச்சரைப் பார்த்தார். வாச்சர் வானத்தைப் பார்த்தான்.

“சரி, வேலி எதுக்கு இவ்வளவு பலமா?” என்று கேட்டார் சார்ஜன்ட். “அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

அக்கா காலையில் நட்டு இறுக்கிய கட்டை ஒன்றின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

“பச்சையாத்தான் இருக்கு மாத்தயா,” என்றார். “நீங்களே பாருங்க.”

எனக்கு அவருடைய மூக்கு தெரிந்தது. “அக்கா...” என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சார்ஜன்ட் ஒரு கால் எடுத்து வைத்துவிட்டார். பூட்ஸ் பச்சைக்குள் போனது. முழங்கால் போனது. இன்னொரு கால் சேற்றில் சறுக்கியது. அந்த நொடியில் அக்காவின் வலது கை அவருடைய பெல்ட்டைப் பிடித்திருந்தது. இடது கை கட்டையைக் கட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் பாரமும் அந்தக் கட்டையில் விழுந்தது. கட்டை அசையவில்லை.

தகப்பன்மார் நாலு பேர் பாய்ந்து சார்ஜன்டைத் தூக்கினார்கள். தொப்பி பாசியில் மிதந்தது. அவர் சேற்றுக் கையைக் காற்சட்டையில் துடைத்தார். பிறகு பிள்ளைகளின் வகுப்பறையைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், நடுவில் இருந்த தூரத்தைக் கண்ணால் அளந்தார். ஒரு காலில் பாசி தொங்க முதலாளியிடம் போனார்.

“யாருடைய குழி இது?”

அன்று எங்களில் ஒருவரிடமும் அவர் அடையாள அட்டை கேட்கவில்லை. குழியை இறைத்து மூடச் சொல்லி முதலாளிக்கு ஏழு நாள் தவணை கொடுத்துவிட்டுப் போனார். கிளம்புமுன் இன்னொரு தடவை அந்தக் கட்டையைத் தட்டிப் பார்த்தார்.

ஜீப் போன பிறகு அக்காவைத் தனியே கூப்பிட்டேன்.

“போலீஸ் வரும்னு தெரிஞ்சேதான் சொன்னீங்களா?”

“வாச்சர் தம்பி கேட்டுச்சு, சொன்னேன்.”

“இவங்கள ஜீப்புல ஏத்திட்டுப் போயிருந்தா?”

அவர் தரையைப் பார்த்தார். அலவாங்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஆண்களைப் பார்த்தார். அவர் முகம் அப்படி இருந்ததை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன், பால் நிறுக்கிற இடத்தில் ஒன்று, இங்கே ஒன்று.

“முதலாளி வருவான்னு நெனச்சேன் டீச்சர். அவன் வந்து நின்னா, எல்லாரும் சேர்ந்து குழியக் காட்டிக் கேக்கலாம்னு. ஜீப்பக் கூட்டிக்கிட்டு வருவான்னு நெனைக்கல. இதுக்கு மேல சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.”

நட்ட கட்டைகளைப் பார்க்கச் சின்னதொரை பிறகு ஒரு நாள் வந்தார். ஒரு கட்டையைத் தடவிக்கொண்டு, “விறகுன்னு சொன்னியே?” என்றார். விறகோடு கிடந்ததாகத்தான் சொன்னேன் என்றார் அக்கா. நல்ல மனிதர், கோபப்படவில்லை. தன் பங்களாவின் பின்வேலிக்கு என்ன மரம் போடலாம் என்று கேட்டுவிட்டுப் போனார். நான் இரண்டாயிரத்து நாலில் கேகாலைக்கு மாற்றலாகி வரும்வரை அந்த வேலியில் ஒரு கட்டைகூட மாற்றவில்லை. கம்பிதான் இரண்டு தடவை துருப்பிடித்தது. அக்காவின் மகள் என் கல்யாணத்துக்கு வந்தபோது, அம்மா அவிசாவளைப் பக்கம் இளைய மகள் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னாள். அங்கேயும் ஒரு மாடு வைத்திருக்கிறாராம்.

குழி மூடிய நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

முதலாளி பம்ப் கொண்டுவந்து இறக்கினார். காலையிலிருந்து அது இரைந்துகொண்டே இருந்தது. வகுப்பு நடத்த வழியில்லை. பிள்ளைகள் முழுப்பேரும் புது வேலியில் தொங்கிக்கொண்டு நின்றார்கள். நாங்களும் பின்னால் நின்றோம். அக்கா பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு நேராக வந்துவிட்டார். அன்று அவருக்கு ஒரே குஷி. முதலாளி மண் லொறிக்குப் பக்கத்தில் குடை பிடித்து நிற்பதைக் காட்டி எனக்கும் அதிபருக்கும் ஏதேதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் இறங்க இறங்கப் பச்சைப் பாசியும் கூடவே கீழே இறங்கியது. ஒரு ஆள் ஆழம் போனது. இரண்டு ஆள் ஆழம் போனது. அதற்கப்புறமும் போனது. நாங்கள் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டோம். மத்தியானம் அளவில் அடியில் சேறு தெரிந்தது. பாசி அதன்மேல் போர்வை மாதிரிப் படுத்தது. கூலிக்காரர்கள் இருவர் ஏணி வைத்து இறங்கி அதை வாரி ஒதுக்கினார்கள்.

அதற்குக் கீழே பந்துகள் கிடந்தன.

ரப்பர் மரத்தில் காய்ந்து நிற்கிற ஒட்டுப்பாலை இழை இழையாகச் சுற்றிப் பிள்ளைகள் செய்கிற பந்துகள். கறுத்துப்போய், சேறு பூசி, ஒன்று, இரண்டு, நாலு. அந்த ஆள் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக மேலே எறிந்தான். வேலியில் பெரிய ஆரவாரம்.

“டீச்சர், அது என்னோடது!”

“பொய். அது என்னது. நான் அன்னைக்கு எறங்கித் தேடினேன், கெடைக்கல!”

“நான் கம்பு விட்டுக் கிண்டினேன் டீச்சர். இவன்தான் என் காலைப் புடிச்சிக்கிட்டான்!”

“நாங்க ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டுப் போனோம்!”

பதினாலு பந்துகள் வந்தன. பிறகு ஒரு சின்னச் செருப்பு வந்தது. அதற்கும் ஒருத்தி கையைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். நாயுண்ணிச் செடியில் தொங்கிய பிள்ளை இல்லை. குழியில் இறங்கியதே எங்களுக்குத் தெரியாத வேறு ஒருத்தி.

அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். ஏதாவது சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் புல்லில் உட்கார்ந்துவிட்டிருந்தார். மடியில் ஒரு பந்து இருந்தது. அதிலிருந்த சேற்றைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதல் லொறி மண் கொட்டிய சத்தத்தில்தான் எழுந்தார். வேலியின் ஒரு கோடிக்குப் போனார். முதல் கட்டையில் தோளைக் கொடுத்து, முழுப் பலத்தோடு தள்ளி, அசைகிறதா என்று பார்த்தார். பிறகு அடுத்தது. பிறகு அதற்கு அடுத்தது. பிள்ளைகளுக்கு அது ஏதோ புது விளையாட்டாகத் தெரிந்திருக்கிறது. சிரித்துக் கூச்சலிட்டபடி அவர் பின்னால் வரிசை கட்டி, ஒவ்வொரு கட்டையையும் அவர் தள்ளிய மாதிரியே தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்தாறாவது கட்டை வரைக்கும் போனார்.